சாவுச் சீட்டு விழுந்தால் சாவா?

கேள்வி: ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போன இடத்தில் தங்கச்சி டாரட் சீட்டில் பலன் பார்த்திருக்கிறாள். எலும்புக்கூடு குதிரையில் வரும் சீட்டு விழுந்துவிட்டது. அடுத்த மாதம் கொழும்பில் வேலைக்குச் சேர வேண்டியவள், அம்மா விடமாட்டேன் என்று அழுகிறார். என்ன செய்ய?
– வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள். டாரட் பார்க்கிறவர்களே அந்த 13ஆம் சீட்டை உயிர் போகிற சேதியாக எடுப்பது அபூர்வம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றுதான் சொல்வார்கள். 1909இல் வெளிவந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டாக இருந்தால் படத்தை உற்றுப் பாருங்கள், வெள்ளைக் குதிரைக்குப் பின்னால் தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கும். வீட்டை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு எது? பார்த்தவர் பரிகாரம், கழிப்பு என்று மேலும் காசு கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: டாரட் எகிப்திய ரகசியம் என்கிறார்களே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: சும்மா கதை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடிய சீட்டுக்கட்டுதான் அது. மொத்தம் 78 சீட்டு, அதில் 22 படச் சீட்டு. நாம் 304 ஆடும்போது துரும்பு வெட்டுகிற மாதிரி அவற்றால் வெட்டி ஆடினார்கள். 1781இல் கூர் து ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் எகிப்து என்று எழுதிவைத்தார், அப்புறம் அதுவே பரவிவிட்டது. இத்தனைக்கும் எகிப்தின் பட எழுத்தை ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் வாசித்துக் காட்டியதே 1822இல்தான்.