அறக்கட்டளைப் பத்திரத்தில் பழைய சட்டப் பிரிவுகள்: எதைத் திருத்துவது, எதை விடுவது?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் 1998 முதல் ஒரு பொது அறக்கட்டளை நடத்துகிறோம். பத்திரத்தில் "இந்திய டிரஸ்ட் சட்டம், 1882-க்கு உட்பட்டது", "வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 12ஏ, 80ஜி" என்று இருக்கிறது (12ஏ அறக்கட்டளையின் வரிவிலக்குக்கான பதிவு, 80ஜி நன்கொடை தருவோருக்கான வரிச் சலுகை). திருத்தம் செய்வது பற்றியோ அறக்கட்டளையைக் கலைப்பது பற்றியோ ஒரு வரிகூட இல்லை. 2021-ல் வருமான வரித் துறையில் மறுபதிவு செய்தோம். இப்போது சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி தரும் ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்த வரைவில் எங்களை "1882-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற, 12ஏஏ பதிவு உடைய அமைப்பு" என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பத்திரத்தையே மாற்றிப் பதிய வேண்டும் என்கிறார் எங்கள் பத்திர எழுத்தர். அது அவசியமா?

பதில்: பிரிவு எண் மாறியது என்பதற்காக மட்டும் பத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒப்பந்த வரைவை மட்டும் இப்படியே விட்டுக் கையெழுத்திடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

முதலில் பத்திரம். ஒரு மத்தியச் சட்டத்தை நீக்கிவிட்டு அதே விஷயத்துக்கு வேறு சட்டம் இயற்றினால், பழைய பிரிவைச் சுட்டும் ஆவணங்கள் புதிய பிரிவைச் சுட்டுவதாகவே படிக்கப்படும். 1897-ம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம், பிரிவு 8 இதைச் சொல்கிறது. மற்றச் சட்டங்களுக்கு மட்டுமல்ல, பத்திரம் போன்ற தனியார் ஆவணங்களுக்கும் இது பொருந்தும். வேறு கருத்து அந்த ஆவணத்திலேயே தெரிந்தால்தான் விதிவிலக்கு. எனவே 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்தாலும், "80ஜி" என்ற உங்கள் பத்திர வாசகம் செத்துப்போகாது. புதிய சட்டத்தின் பிரிவு 133 என்று படிக்கப்படும். அறக்கட்டளைப் பதிவுக்கான விதிகள் பிரிவு 332 முதல் தொடங்குகின்றன.

இந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது சட்டத்தைச் சுட்டும் வரியைக் காப்பாற்றும். உங்கள் பதிவைக் காப்பாற்றாது. "12ஏஏ பதிவு உடையவர்கள்" என்பது சட்டத்தைச் சுட்டும் வரி அல்ல, உங்கள் நிலையைப் பற்றிய உறுதிமொழி. பழைய 12ஏ, 12ஏஏ பதிவுகளை வைத்திருந்த எல்லோரும் 2021 ஏப்ரலுக்குப் பிறகு, அவற்றின் இடத்தில் வந்த 12ஏபி பிரிவின் கீழ் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவர்களுக்கு 5 ஆண்டுக்குப் பதிவு கிடைத்தது. 2021-ல் மறுபதிவு பெற்றவர்களின் சான்றிதழ் பெரும்பாலும் 2022-23 முதல் 2026-27 வரையான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு. கடைசி மதிப்பீட்டு ஆண்டு என்றால் 2026 மார்ச் 31-ல் முடியும் நிதியாண்டின் வருமானம். அதற்கான புதுப்பிப்பு விண்ணப்பத்தை 2025 செப்டம்பர் 30-க்குள் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு அதுதான் கவலை. பத்திர எழுத்தரைப் பார்ப்பதற்கு முன் சான்றிதழை எடுத்துக் கடைசி மதிப்பீட்டு ஆண்டைப் பாருங்கள். காலம் தவறியிருந்தால் நியாயமான காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி ஆணையரிடம் கேட்கலாம். அதையும் விட்டுவிட்டால் அறக்கட்டளையின் நிகரச் சொத்து மதிப்பின் மீதே உச்ச விகிதத்தில் வரி விதிக்கும் பிரிவுக்குள் சிக்க நேரிடும்.

அடுத்தது 1882. பத்திரங்களில் நான் காணும் பிழைகளில் இதுதான் மிகப் பரவலானது. இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது, தனியார் சமய, தரும அறக்கொடைகளை அது தொடாது என்று அதன் முதல் பிரிவே விலக்கிவிடுகிறது. அறங்காவலரின் கடமை பற்றிய அதன் கொள்கைகளை நீதிமன்றங்கள் பொது அறக்கட்டளைக்கும் எடுத்தாள்வதுண்டு. அது வேறு. அந்தச் சட்டத்தின் "கீழ் பதிவு" என்று ஒன்று கிடையவே கிடையாது. உங்கள் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவான ஓர் ஆவணம், அவ்வளவே. பத்திரத்தின் மற்ற வரிகளிலிருந்து பொது நோக்கம் தெளிவாகத் தெரிகிறது என்றால் "1882-க்கு உட்பட்டது" என்ற வரி அறக்கட்டளையைத் தனியார் அறக்கட்டளை ஆக்கிவிடாது. ஆனால் "1882-ம் ஆண்டுச் சட்டம் பிரிவு 34-ன்படி நீதிமன்ற அனுமதி பெற்றுச் சொத்தை விற்கலாம்" என்று அதன் மேல் இன்னொரு ஷரத்தைக் கட்டியிருந்தால் வம்புதான். பொது அறக்கட்டளைக்கான வழி உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 92. இதே ரகத்தில் மும்பை மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து எழுதி, "அறக்கட்டளை ஆணையரின் முன் அனுமதியுடன்" என்று போட்டுவிடுகிறார்கள். அந்த அதிகாரி மகாராஷ்டிரத்தின் 1950-ம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளவர். தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளை அனைத்துக்குமான அப்படியொரு ஆணையர் இல்லை என்பதால், அந்த அனுமதியைத் தர ஆளே இருக்கமாட்டார்கள்.

நோக்கங்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "வருமான வரிச் சட்டம் பிரிவு 2(15)-ல் கண்ட தரும காரியங்கள்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதை மாற்றுவதற்குச் செலவழிப்பது தகும். அந்த விளக்கம் நாடாளுமன்றம் மாற்ற மாற்ற மாறுவது. யோகா பின்னால் சேர்ந்தது. பொதுப்பயன் நோக்கங்களில் வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அப்படித்தான். பள்ளிக் கட்டணம், மருத்துவ உதவி, முதியோர் பராமரிப்பு என்று நோக்கத்தை உங்கள் சொல்லிலேயே எழுதிவிட வேண்டும். வரிச் சட்டத்துக்கு இடம் கட்டுப்பாட்டு ஷரத்தில் மட்டும். அதை இப்படி எழுதலாம்:

"அறக்கட்டளையின் வருமானமோ சொத்தோ எக்காலத்தும் தரும நோக்கம் அல்லாத எதற்கும் மாற்றப்படவோ செலவிடப்படவோ கூடாது. இப்பத்திரத்தில் எந்தச் சட்டத்தை அல்லது பிரிவைக் குறித்திருந்தாலும், அது அவ்வப்போது திருத்தப்பட்டவாறும், அதற்கு மாற்றாக இயற்றப்படும் சட்டத்தையும் குறிக்கும். ஆனால் அத்தகைய மாற்றம் மேலே கண்ட நோக்கங்களை விரிவாக்கவோ குறைக்கவோ செய்யாது."

முதல் வாக்கியத்தை விடாதீர்கள். 80ஜி ஒப்புதலுக்குத் துறை பத்திரத்தில் தேடுவது, தருமம் அல்லாத காரியத்துக்குப் பணம் போக வழி உண்டா என்பதைத்தான். "கலைந்தால் சொத்து நிறுவனருக்கோ அவர் வாரிசுகளுக்கோ சேரும்" என்ற ஒரு வரி போதும், விண்ணப்பம் தள்ளுபடியாக.

உங்களிடம் திருத்த அதிகாரமே இல்லை என்பதுதான் சிக்கல். அறங்காவலர்கள் கூடித் தீர்மானம் போட்டு, துணைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு, இல்லாத அதிகாரத்தை உண்டாக்காது. நிறுவனர் உயிரோடு இருந்தாலும் பத்திரத்தில் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்ளாதவரை அவராலும் முடியாது. நோக்கங்களை மாற்றியே தீர வேண்டும் என்றால், பிரிவு 92-ன் கீழ் அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்கிட்டு, நிர்வாகத் திட்டம் ஒன்றை வகுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கலைப்பு ஷரத்து இல்லாததற்காக மட்டும் அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். பொது அறக்கட்டளை நிலையானது. மூல நோக்கம் நிறைவேற முடியாமல் போனால் நெருங்கிய வேறு தருமத்துக்கு நீதிமன்றம் சொத்தைத் திருப்பலாம் என்பது அதே பிரிவின் 3-ம் உட்பிரிவில் இருக்கிறது. துறை கேட்டால் இதைச் சொல்லி, அறங்காவலர்கள் அனைவரும் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தோடு பதில் கொடுங்கள்.

இனி ஒப்பந்தம். உங்களைப் பற்றிய வரியை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "… சார்பதிவாளர் அலுவலகத்தில் … ஆண்டின் … எண் ஆவணமாகப் பதிவான பொது தரும அறக்கட்டளை; … தேதியிட்ட சான்றிதழின்படி, … பதிவெண்ணுடன், … ஆண்டு வரை செல்லத்தக்க வருமான வரிப் பதிவும் 80ஜி ஒப்புதலும் உடையது." பிரிவு எண்ணைச் சான்றிதழில் அச்சாகியிருப்பதுபோல அப்படியே எழுதுங்கள். சங்கம், கம்பெனி போல அறக்கட்டளை தனிச் சட்ட ஆள் அல்ல என்பதால், ஒப்பந்தத் தரப்பினராக அறங்காவலர்களின் பெயர் வர வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திடுவதாக இருந்தால் மற்றவர்கள் அவருக்கு அதிகாரம் தந்த தீர்மானத்தின் தேதியும் வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன் கீழான விதிகளின்படி நீங்கள் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற எண்ணும் சேர வேண்டும். அது இல்லாமல் அவர்கள் தரும் தொகை சிஎஸ்ஆர் கணக்கில் சேராது.

வரைவில் வாகனம், கட்டடம் போன்ற மூலதனச் சொத்து இருந்தால் இன்னொரு ஷரத்தையும் தேடுங்கள். "சொத்து நிறுவனத்தின் உடைமையாகவே நீடிக்கும்" என்று எழுதுவது சட்டப் பிரிவுகளின் வழக்கமான பட்டியலுக்கு நடுவே ஒளிந்திருக்கும். சிஎஸ்ஆர் விதி 7(4)-ன்படி அந்தச் சொத்து தரும அமைப்பிடமோ, பயனாளிகளிடமோ, அரசு அமைப்பிடமோதான் இருக்க முடியும். வெளிநாட்டுப் பணம் கலந்த திட்டமாக இருந்து, "பெற்ற தொகையின் ஒரு பகுதியைப் பங்காளி அமைப்புக்கு வழங்கலாம்" என்றிருந்தால் அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பிரிவு 7 அப்படி மாற்றுவதை 2020 திருத்தத்துக்குப் பிறகு முற்றாகத் தடுக்கிறது.

பிற்காலத்தில் நீதிமன்றம் வழியாக நோக்கங்களை மாற்றிக்கொண்டால், மாற்றம் ஏற்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் புதிதாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தீர்ப்பின் நகல் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்கிடாதீர்கள். தீர்ப்பு நாளன்றே நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.