வெட்டி எறிந்த தண்ணீர் போத்தல்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, உயர்நிலை ஒன்று. பள்ளிக் காற்பந்து அணியில் கோல் கீப்பர். போன மாதம் பள்ளிகளுக்கு இடையிலான 'சி' பிரிவு ஆட்டம் ஒன்றில் பெனால்டி வரை போய்த் தோற்றார்கள். நான் கேமரா வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. அவன் மண்டியிட்டு அழுததை எடுத்து, அன்று இரவே கறுப்பு வெள்ளையாக்கி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். அவன் மட்டும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம், "என்னமோ நான் தனியா கிடந்து அழுத மாதிரி இருக்கு. இனிமே மேட்சுக்கு வராதீங்கம்மா" என்றான். நான் என்ன தப்பு செய்தேன்? இந்த மாதிரித் தருணங்களை எப்படி எடுப்பது, எப்படி எடிட் செய்வது? கேமராவில் விழுந்த படம், நான் மாற்றிய படம் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.
— சிங்கப்பூர், செங்காங் வாசகி

பதில்: சகோதரி, இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டான் என்று நினைக்காதீர்கள். அவன் சொன்னது படத்துக்கான விமர்சனம், அதுவும் சரியான விமர்சனம்.

கேமராவில் விழுந்த படத்தைத் திறந்து இடது ஓரத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஒரு பையன், மாற்று ஆட்டக்காரனாக இருக்கும், குந்தி உட்கார்ந்து ஒரு நீலத் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டிருக்கிறான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நீட்டுகிறான், கவனித்தீர்களா? ஏனென்றால் உங்கள் மகனின் ஒரு கையில் இன்னும் கையுறை இருக்கிறது, அதன் வெல்க்ரோ பட்டையை அவன் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான், அந்தக் கையால் மூடியைத் திருக முடியாது என்று இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. 13 வயதுப் பையன்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது வராது, ஆனால் மூடியைத் திறந்து கொடுப்பார்கள். நீங்கள் எடுத்த படம் அதுதான். நல்ல படம், சும்மா சொல்லவில்லை, 20 வருஷமாகப் பள்ளி விளையாட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இரண்டாவது படத்தில் அந்தப் பையனைக் காணோம். போத்தலும் காணோம். ஓரத்தில் பாதி முகம் தொந்தரவாக இருக்கிறது என்று வெட்டிவிட்டீர்கள். அப்புறம் நான்கு மூலைகளையும் இருட்டாக்கி, கன்னத்தில் இருந்த ஈரத்தை மட்டும் தூக்கி வெளிச்சமாக்கி, கறுப்பு வெள்ளைக்கு மாற்றியிருக்கிறீர்கள். அந்தத் திடலில் அன்றைக்கு இல்லாத ஒரு தனிமையை உங்கள் எடிட்டிங் உண்டாக்கிவிட்டது. அவன் கேட்பதும் அதைத்தான்: என் பக்கத்தில் ஆள் இருந்தானே, எங்கே போனான்?

ஆகவே எடிட்டிங் பற்றி முதலில் சொல்வது இது. வெட்டுவதற்கு முன்னால் ஓரங்களைப் பாருங்கள். நடுவில் இருக்கும் முகத்தைத்தான் எல்லாரும் பார்ப்போம், ஆனால் ஏன் அந்த முகம் அப்படி இருக்கிறது என்பது பெரும்பாலும் ஓரத்தில்தான் கிடக்கும். தோளில் விழுந்த கை, பின்னால் குதித்துக்கொண்டாடும் எதிரணி, பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்ட பயிற்றுநர். இவற்றில் ஒன்றையாவது விட்டு வையுங்கள். ஆரஞ்சுக் கூம்பு, யாரோ ஒருவரின் முதுகுப்பை, அதையெல்லாம் தாராளமாக வெட்டலாம்.

கறுப்பு வெள்ளையைப் பற்றி எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. சோகம் என்றால் நிறத்தை எடுத்துவிட வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டு முகத்தை மறைக்கும்போது மாற்றுங்கள், அது சரி. உங்கள் படத்தில் அந்த நீலப் போத்தலும் ஆரஞ்சு மேலங்கியும்தான் கண்ணை இடது ஓரத்துக்கு இழுக்கின்றன. நிறம் வேலை செய்துகொண்டிருந்தது, நீங்கள் அதற்கு லீவு கொடுத்துவிட்டீர்கள்.

தோல் நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதை நம் பிள்ளைகளை எடுக்கிறவர்களிடம் எப்போதும் சொல்வேன். வெள்ளை ஜெர்சி போட்ட மாநிறப் பையனைக் கேமரா பார்க்கும்போது, சட்டையின் வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், முகம் அடிபட்டுப் போகும். எடுக்கும்போதே வெளிச்ச ஈடுசெய்தலை, அதாவது கேமரா கணிப்பதைவிடப் படத்தைப் பிரகாசமாக்கும் அமைப்பை, +0.7 அளவுக்கு ஏற்றிவிடுங்கள், சட்டையில் விவரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. எடிட்டிங்கில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றி முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று போகாதீர்கள். அது பிள்ளையை வெளுக்கவைக்கும், சாம்பல் பூசினமாதிரி ஆகும். நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், போதும். செயற்கைப் புல்லின் பச்சை தாடைக்கு அடியில் எதிரொளித்துப் பையனைக் காய்ச்சல்காரன் மாதிரிக் காட்டும். வண்ணச் சமநிலையைப் பச்சையிலிருந்து மெஜந்தா பக்கம் ஒரு துளி நகர்த்தினால் சரியாகிவிடும். முகப்பரு, கீறல், முட்டியில் மண், எதையும் துடைக்காதீர்கள்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான், உங்கள் தப்பைவிட மோசமாக. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியின் தடகளப் போட்டியில், அஞ்சல் ஓட்டத்தில் குச்சியைக் கீழே போட்டுவிட்ட ஒரு பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றதை எடுத்தேன். விரலிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது ஆண்டு மலரில் முழுப் பக்கம் வந்தது, அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து ஓர் உணவங்காடி நிலையத்தில் டீ வாங்க வரிசையில் நிற்கும்போது ஓர் இளைஞன் திரும்பி, "அண்ணே, அந்தக் குச்சிப் படம் நீங்க எடுத்ததுதானே?" என்றான். ஆமாம் என்றேன். "உயர்நிலை நாலு முடியுற வரைக்கும் என்னைக் குச்சின்னுதான் கூப்பிட்டாங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை சரியாகப் படிக்க முடியவில்லை.

சரி, எடுக்கும் விஷயத்துக்கு வருவோம்.

புதிதாக எடுப்பவர்கள் எல்லாரும் பந்தின் பின்னால் ஓடுவார்கள். பந்து படத்தில் இருந்தால்தான் விளையாட்டுப் படம் என்று ஒரு நினைப்பு. பந்து வலைக்குள் போய்விட்டது என்றால் அதோடு பந்தின் வேலை முடிந்தது, உங்கள் வேலை அப்போதுதான் ஆரம்பம். விசில் ஊதியதும் எல்லாரும் செய்யும் காரியம், கேமராவைத் தாழ்த்தித் திரையில் படம் விழுந்ததா என்று பார்ப்பது. அந்த ஐந்து விநாடியில்தான் எல்லாமே நடக்கும். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காதீர்கள். முதல் விநாடியில் வரும் முகம் அதிர்ச்சி, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து வருவதுதான் அந்தப் பிள்ளைக்கே உரிய முகம். கையுறையைக் கழற்றுவது, காலுறையை இறக்கிவிடுவது, கேலரியில் அம்மா எங்கே என்று தேடுவது. உங்கள் படம்கூட விசிலுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததுதான், இல்லையா? பொறுமையாக நின்றிருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கேமராவில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/1000 விநாடி, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) தானாக மாறட்டும், அதன் மேல் எல்லை 6400. ஆட்டம் முடிந்ததும் யாரும் ஓடப்போவதில்லை, அதனால் இரண்டாவது அமைப்பில் 1/250 போதும். நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஐஎஸ்ஓ இறங்கும், முகத்தில் புள்ளி புள்ளியாக விழுவது குறையும். ஒரு பொத்தானைத் திருப்பும் வேலைதான், ஆனால் முக்கால்வாசிப் பேர் 1/1000த்திலேயே அழுகையையும் எடுத்துவிட்டு, அப்புறம் மென்பொருளில் இரைச்சலை, அதாவது அந்தப் புள்ளிகளை, நீக்குகிறேன் என்று பிள்ளையின் கன்னத்தைப் பிளாஸ்டிக் ஆக்கிவிடுகிறார்கள்.

நம் ஊர் வெயிலைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறோம், நண்பகலை ஒட்டிய நேரத்தில் சூரியன் உச்சியிலிருந்து அடிக்கும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் விழும். அந்த நேரத்து ஆட்டம் என்றால் திடலில் முகங்களைத் துரத்தாதீர்கள், அவர்கள் கூரைக்கு அடியில் பெஞ்சுக்கு வந்து உட்காரும்வரை காத்திருங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் சாய்ந்த வெளிச்சம் வரும்போது எங்கே நின்றாலும் நன்றாகத்தான் இருக்கும். கேலரியிலிருந்து எடுப்பதென்றால் மேலே ஏறாதீர்கள், கீழ் வரிசைக்கு வந்து கம்பியோடு ஒட்டி உட்காருங்கள். மேலிருந்து எடுத்தால் பிள்ளைகள் குட்டையாகிவிடுவார்கள், பின்னணி முழுக்கப் புல்லாக இருக்கும். குளிர்சாதனப் பேருந்திலிருந்து இறங்கிய உடனே லென்ஸ் மூடியைத் திறந்தால் ஆவி படியும். கால் மணி நேரம் முன்னாலேயே போய்ப் பையைத் திறந்து வைத்துவிடுங்கள்.

உள்ளரங்கு என்றால் வேறு தலைவலி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000 ஷட்டருக்கு நன்றாகத் தெரியும். ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது இருட்டாக, சிலதில் பாதிக்குப் பாதி பட்டையாக. கேமராவில் மினுக்கலைத் தடுக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். உங்களிடம் இருக்கும் 55-210 லென்ஸ் திடலுக்குப் போதும், உள்ளரங்கில் திணறும். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைகளில் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் பழைய 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைத் தேடிப் பாருங்கள், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லாரும் திடலைவிட்டுக் கூரைக்கு அடியில் ஓடி வருவார்களே, அப்போது மற்ற பெற்றோர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எடுங்கள். இரண்டு கோல் பின்தங்கிய அணி, மழையைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைவிட நாடகமான காட்சி ஆட்டத்தில்கூட வராது.

அழித்துத் தள்ளுவதில் அவசரம் வேண்டாம். 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்சுக்கு முன்னால் அமெரிக்க நீச்சல் அணி இங்கே வந்தபோது, மைக்கல் பெல்ப்ஸ் பக்கத்தில் ஒரு 13 வயதுப் பையன் நின்று எடுத்துக்கொண்ட படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படக்கலை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை, யார் வீட்டு ஆல்பத்திலும் இருக்கக்கூடிய படம். 2016ல் ரியோ ஒலிம்பிக்சில் அதே பையன், ஜோசப் ஸ்கூலிங், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 விநாடியில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்க, பெல்ப்ஸ் இன்னும் இருவரோடு வெள்ளியைப் பகிர்ந்துகொள்ள, உலகமே அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தது. உங்கள் மகன் தேசிய அணிக்குப் போவானா என்று நான் சோசியம் சொல்லவில்லை. 13 வயதில் அவன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது அவனுக்கு 25 வயதில் தேவைப்படலாம், அவ்வளவுதான்.

இனி வாட்ஸ்அப். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கும் உங்களைப் போன்ற அம்மாக்களைத் தேடி வராது. அதனால் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பையனைப் பற்றிக் கவலைப்படுங்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன்: கோல் போட்ட படம், கோப்பையோடு நிற்கும் படம், மைலோ பானம் கொடுக்கும் வண்டிக்கு முன்னால் காகிதக் கோப்பையோடு முண்டியடிக்கும் படம், எல்லாம் அன்றைக்கே குழுவுக்குப் போகும். அழுகிற படம் எதுவும் குழுவுக்குப் போகாது. அந்தப் பிள்ளையிடம் காட்டி, அவன் சரி என்றால் அவன் வீட்டுக்கு மட்டும் போகும், வேண்டாம் என்றால் என் டிஸ்க்கில் தூங்கும். 'சரி' என்பதை அன்று இரவே கேட்காதீர்கள், தோற்ற அன்று எந்தப் பிள்ளையும் நிதானமாகப் பதில் சொல்லாது. உங்கள் பள்ளியில் படம் எடுப்பது பற்றித் தனி விதி இருந்தால் அதையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனிடம் இப்போது என்ன செய்வது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. குழுவில் போட்ட படத்தை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பார்கள், அழித்துப் பெரிய பயனில்லை, ஆனாலும் அவன் கண்முன்னால் அழித்துவிடுங்கள். "மன்னிச்சுக்கடா" என்று நீளமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அவன் எழுந்து அறைக்குள் போய்விடுவான், எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் அந்த வயதில். வெட்டாத படத்தை, நிறத்தோடு, நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கி, கைக்கு அடக்கமாக ஒரு பிரதி அச்சடித்து அவன் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவனே வரச் சொல்லும்வரை போகாதீர்கள். சொன்னால் முதல் பாதிக்குக் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு சும்மா ஆட்டத்தைப் பாருங்கள். அப்புறம், தண்ணீர் நீட்டிய அந்தப் பையனின் அம்மாவிடம் இந்தப் படம் இருக்க வேண்டும். ஆனால் அனுப்பலாமா என்று முதலில் உங்கள் மகனைக் கேளுங்கள்.