டிபி-9 ஹூடுக்குள் போர்டு: கேள்வி பதில்

கே: டிபி-9 (ஒன்பது பின் சீரியல் கனெக்டர்) மேல் மாட்டும் மூடியான ஹூடுக்குள்ளேயே ஆர்எஸ்-232 சீரியல் சிக்னலை மாற்றும் கன்வெர்ட்டர் போர்டை அடக்கணும் சார். போர்டு கனம் எவ்வளவு போடலாம்?

ப: வழக்கமான 1.6 மி.மீ. போதும். கனெக்டர் பின்னால் இருக்கும் சால்டர் கப் (ஒயரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) வரிசைகளின் மையங்களுக்கு நடுவே 2.84 மி.மீ.; போர்டு அந்தச் சந்தில் சொருகி நிற்கும். மேலே ஐந்து பேட் (பற்றவைக்கும் காப்பர் திட்டு), கீழே நான்கு. பேட் இடைவெளி 2.77 மி.மீ., கீழ் வரிசை அதில் பாதி தள்ளி. ஆனால் ஹூடை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் போர்டை வரையணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பார்க்க ஒன்றுபோல இருக்கும் ஹூடுகளுக்குள் அளவு மாறும். எல்லோரும் கோட்டை விடுவது உள்ளே இருக்கும் ஸ்க்ரூ தூண்களை. வெர்னியரில் அதையும் அளந்து, சுற்றிலும் அரை மி.மீ. விடுங்கள். உயரம் இடித்தால் மேக்ஸ்232 கன்வெர்ட்டர் சிப்பை விட்டு மேக்ஸ்3232 போடுங்கள். 3.3 வோல்ட்டில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கே போதும், குண்டு கெப்பாசிட்டர் வேண்டாம்.

கே: ஆண் கனெக்டரில் ஓடிய அதே போர்டு, பெண் கனெக்டரில் ஓடலையே அண்ணா?

ப: பின் நம்பர்களின் வரிசை கண்ணாடி பார்த்த மாதிரி திரும்பிவிடும் தம்பி. 1-ம் 5-ம், 2-ம் 4-ம், 6-ம் 9-ம், 7-ம் 8-ம் இடம் மாறும். 3 மட்டும் அப்படியே. கிரவுண்டு 5-ல் இருப்பதால் முதல் அடி அதற்குத்தான். பெண்ணுக்குத் தனி போர்டு போடுங்கள்.

கே: மெட்டல் ஹூடை மூடினால் ஷார்ட்.

ப: போர்டு ஓரத்தைப் பாருங்கள். பல போர்டு சேர்ந்த பேனலில் இருந்து உடைத்த பிசிறு ஹூடில் முட்டி, போர்டைச் சாய்த்து, காப்பரை மெட்டலில் பட வைக்கும். அரம் போட்டுத் தேயுங்கள், தூசியை மூக்கில் ஏற்றாதீர்கள். பிறகு ஹூடின் உள்பக்கம் காப்டான் டேப் (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்) ஒட்டுங்கள். அடுத்த போர்டில் காப்பரை ஓரத்திலிருந்து அரை மி.மீ. உள்ளே தள்ளுங்கள்.

கே: 12 வோல்ட்டை உள்ளேயே 3.3 ஆக்கலாமா?

ப: மிச்ச வோல்ட்டைச் சூடாக்கி விடும் லீனியர் ரெகுலேட்டரில் 50 மில்லிஆம்ப் இழுத்தாலே 0.4 வாட்டுக்கு மேல் சூடு. மூடிய பிளாஸ்டிக் ஹூடு, அதுவும் நம்ம ஊர் மே மாதம்! பக் கன்வெர்ட்டர் (சூடு குறைவாக வோல்ட்டை இறக்குவது) போடுங்கள், இல்லை வெளியிலிருந்தே 3.3 கொடுங்கள்.

கே: திருவொற்றியூரில் கடலோரம் மாட்டணும். சிலிக்கான் ஊற்றிடலாமா?

ப: வினிகர் வாடை அடிப்பது வேண்டாம், அந்த ஆசிட்டே காப்பரை அரிக்கும். நியூட்ரல் கியூர் (அந்த ஆசிட் விடாத சிலிக்கான்) கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஃபிளக்ஸை (சால்டர் போட்ட பிசின் மிச்சத்தை) கழுவிக் காயவிடுங்கள், அழுக்கு மேல் பூசினால் உள்ளேயே பச்சை பிடிக்கும். கேபிளைப் பிடிக்க சிலிக்கானை நம்பாதீர்கள். கிளாம்ப் வெளி உறையைக் கவ்வணும், உள் ஒயர்கள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கணும். இல்லாவிட்டால் இழுப்பு முழுக்க பேடில் விழுந்து, பேட் பெயர்ந்து வரும்.