மறுகால் பாயும் சேதி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமத்தை ஒட்டிய மனைப்பிரிவில் வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. மொத்தம் 42 வீடுகள். போன ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கழிவறையில் தண்ணீர் இறங்கவே இல்லை. பொதுக்கிணறு கலங்கிப்போனது. கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாயப்போவது ஊருக்குள் எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் தவறாமல் வருகிறது. இப்போது ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்கிறார்கள். மழைக்கு முன் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சேதி ஊரில் இருக்கிறது. அதை வாங்கி வர உங்கள் காலனியிலிருந்து யாரும் போகவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். புரட்டாசிக்குள் போய்விடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவர், கண்மாயில் மடை திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, இன்னும் எத்தனை அடி ஏறினால் மறுகால் பாயும் என்பது அவருக்கு அத்துப்படி. வைகை அணையில் போதிய இருப்பு உள்ள ஆண்டுகளில் செப்டம்பர் வாக்கில் மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனத்துக்குப் பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் திறப்பார்கள். அந்தத் தண்ணீரில் கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்து கிடக்கும்போது மழை வலுத்தால் ஒரே இரவில் மறுகால் எடுக்கும். கண்மாய் வறண்டு கிடக்கிற வருடம் அதே மழை சுவடு தெரியாமல் போய்விடும். ஆகவே எத்தனை சென்டிமீட்டர் மழை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் தெருவின் கதி தெரியாது.

போன வருடத் தண்ணீர் எப்படி வந்தது என்று வீடு வீடாகக் கேளுங்கள். மெதுவாக ஏறி, நாள்கணக்கில் நின்று, தெளிவாக இருந்ததென்றால் உங்கள் மனைகள் கண்மாயின் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் பக்கத்தை, ஒட்டி இருக்கின்றன. கண்மாய்த் தண்ணீர்தான் பின்னுக்கு ஏறியிருக்கிறது. செம்மண் கலங்கலாக, குப்பையோடு வேகமாக வந்து, மழை விட்டதும் வடிந்ததென்றால் ஓடை எங்கோ அடைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஓடை என்றால், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் வழியே நடந்து பாருங்கள். மனைப்பிரிவு போடும்போது பத்தடி ஓடைக்குக் குறுக்கே ஒற்றைச் சிமென்ட் குழாயைப் பதித்துச் சாலை போட்டிருப்பார்கள். கருவேல முள்ளும் பாலித்தீன் பையும் முதலில் சிக்குவது அந்தக் குழாயின் வாயில்தான். இரண்டு பக்க வாயையும் சுத்தம் செய்யுங்கள். அள்ளிய மண்ணைக் கரை மேலேயே குவிக்காதீர்கள். முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே இறங்கிவிடும். குழாயை மாற்றவோ ஆக்கிரமிப்பை எடுக்கவோ வேண்டுமென்றால் கிராம வரைபடமும் புலப்பட நகலும் வாங்கி, ஓடைப் புறம்போக்கு எந்த சர்வே எண்ணில் போகிறது என்று பார்த்து மனுவில் எழுதுங்கள். அக்டோபர் 2 கிராம சபை இதற்கு நல்ல நாள். ஊராட்சிச் செயலரிடம் மனுவை முன்கூட்டியே கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

கண்மாய் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். சில ஊர்களில் கூடுதல் தண்ணீர் தேக்குவதற்காகக் மறுகால் வழிகிற சுவரான கலுங்கின் மேல் மண் மூட்டை அடுக்குவார்கள். அது உங்கள் தெருவுக்குத் தொல்லைதான், ஆனால் அவர்களுக்கு நெல். நீங்களாகப் போய் மூட்டையை இழுத்துப் போடவோ கரையைத் தொடவோ கூடாது. நீர்ப்பாய்ச்சியையும் ஊர்க்காரர்களையும் வைத்துப் பேசி, எந்த அளவுக்கு மேல் மூட்டை எடுப்பது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேச்சில் முடியவில்லையென்றால் மனு கொடுக்கலாம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேரும். அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். மாற்றிக் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

கழிவறைத் தண்ணீர் இறங்காததற்கும் கண்மாய்தான் காரணமாக இருக்கும். கண்மாய் நிறைந்தால் சுற்றுவட்டார நிலத்தடி நீர் மேலே வரும். உறிஞ்சுகுழிக்கு உறிஞ்ச இடமிருக்காது. செப்டிக் டேங்கை மழைக்கு முன்பே, லாரி வைத்து எடுத்துவிடுங்கள். நிலத்தடி நீர் ஏறிய பிறகு தொட்டியை முழுக்கக் காலி செய்தால், வெளியிலிருக்கும் நீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடும், சில சமயம் தொட்டியே மேலே தூக்கும். எந்த அவசரத்திலும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு ஒரு நிமிடத்தில் உயிரை எடுத்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

கிணற்றுக்கு வருகிறேன். கலங்கிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் பாதி வீணாகும். கலங்கல் அடங்கும் வரை பொறுங்கள். அளவு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 28,000 லிட்டர்; அதற்கு 70 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கடியில் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அந்தச் சுண்ணாம்பையும் சேர்த்துக் கொட்டினால் தண்ணீர் கடினமாகிவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி செய்துவிட்டுக் காலையில் எடுப்பது நல்லது. வாய் திறந்து கிடந்த பழைய மூட்டைப் பவுடரில் குளோரின் போயிருக்கும், அதை வாங்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவை அப்படியே விட்டுவிடுங்கள். சேதிக்கென்று இன்னொரு குழு தொடங்கி, நான்கைந்து பேர் மட்டும் பதிவிடும்படி வையுங்கள். நீர்ப்பாய்ச்சியையோ அவர் வீட்டுப் பிள்ளையையோ கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். “மறுகால் பாயுது. கீழப் பாலத்து மேல அரையடி தண்ணி. காலை 6.10. நேர்ல பார்த்தேன்.” இவ்வளவு போதும். எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று மூன்றும் இல்லாத சேதியை ஏற்ற வேண்டாம். வைகை அணை 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது என்று வருமே, அவை வைகைக் கரையில் இருப்பவர்களுக்கு உயிர் காக்கும் சேதி. உங்கள் கண்மாய்க்கு அதை வைத்துப் பதறத் தேவையில்லை. போன் பார்க்காத பெரியவர்களுக்காகப் பால் ஊற்றும் இடத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, இவற்றையும் எழுதுங்கள்: 108, மின்தடைக்கு மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அந்தப் பலகையில் ஒரு மூலையில் எழுதி வையுங்கள்.

தலைக்கட்டு வரியைக் கொடுங்கள். 42 வீட்டுக்கும் சேர்த்து மொத்தமாக ஒருவர் மட்டும் போய்க் கொடுப்பதைவிட, நாலைந்து குடும்பமாக நேரில் போய்க் கொடுத்து நோட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். சாட்டு (திருவிழா அறிவிப்பு) என்றைக்கு, முளைப்பாரி எந்தத் தெரு வழியாகக் கண்மாய்க்குப் போகிறது என்று அப்போதே கேட்டுக்கொண்டு வந்து பலகையில் எழுதுங்கள். அன்றைக்கு வண்டிகளை ஓரம் கட்ட வேண்டியிருக்கும்.