சார்ட்டில் வந்து உட்கார்ந்த ‘தொகு’

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். எந்த ப்ராஜெக்ட் கொடுத்தாலும் பிள்ளைகள் விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே இறக்கிக்கொண்டு வருகிறார்கள். ‘யார் வேணும்னாலும் எழுதுற இடம் அது, வேண்டவே வேண்டாம்னு சொல்லிடுங்க’ என்கிறார் தலைமையாசிரியர். பல வீடுகளில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகமே இல்லை. தடுப்பதா, விடுவதா? அவர்களையே அதில் எழுத வைக்கலாம் என்கிறார் ஒரு தோழி. அது நடக்கிற காரியமா?

பதில்: தடுக்காதீர்கள். தடுத்தாலும் நிற்காது. பள்ளி விட்டதும் நேரே ஜெராக்ஸ் கடை. ‘அண்ணா, ராயபுரம் ஸ்டேஷன் ப்ராஜெக்ட் ஒண்ணு’ என்றால் இரண்டு நிமிடத்தில் கலர் பிரிண்ட் கைக்கு வந்துவிடும். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வேலை பார்த்தபோது ஒரு மாணவி அப்படி வாங்கின பிரிண்டைப் பார்த்து முத்து முத்தான கையெழுத்தில் சார்ட் எழுதி வந்தாள். ‘வரலாறு’ என்று தலைப்பு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘தொகு’. அடுத்து ‘அமைவிடம்’, அதன் பக்கத்திலும் ‘தொகு’. ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு வேறு. இது என்னம்மா என்றேன். ‘அங்க அப்படித்தான் மிஸ் இருந்துச்சு’ என்றாள்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கமாகிவிட்டது. அது பொத்தான், அழுத்தினால் அந்தப் பகுதியை நீயே திருத்தலாம் என்று நான் ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. பிறகு அவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால் நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது கேள்வியை. ‘ராயபுரம் ரயில் நிலையம் பற்றி எழுதுக’ என்று கேட்டால் பிரிண்ட்தான் வரும். ‘தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கிருந்து, எந்தத் தேதியில் புறப்பட்டது? மூன்று இடங்களில் பார்த்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று எழுது’ என்று கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இந்தியாவின் முதல் ஸ்டேஷனே ராயபுரம்தான் என்று அடித்துச் சொல்வார்கள். இல்லை. பம்பாயிலிருந்து தானேவுக்கு 1853 ஏப்ரல் 16-இலேயே ரயில் ஓடிவிட்டது. ராயபுரம் 1856, தென்னிந்தியாவுக்குத்தான் முதல். அதிலும் சிலர் ஜூன் 28 என்று எழுதுவார்கள், சிலர் ஜூலை 1 என்று. முன்னது ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த நாள், பின்னது பொதுமக்களுக்கு ரயில் ஓடத் தொடங்கிய நாள். சரி, தேதிச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால், வேறு சில குறிப்புகள் அந்த முதல் ரயிலை வியாசர்பாடியிலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனதாகச் சொல்லும். வகுப்பில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் இருந்தால் போதும், அன்றைக்கு மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, சாலை போடக் கல் ஏற்றிவர 1837-இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குத் தண்டவாளம் இருந்தது. அப்படியானால் ‘முதல்’ என்பதற்கு என்ன பொருள்? பயணிகளுக்கா, சரக்குக்கா, கட்டடத்துக்கா? இதை ஜெராக்ஸ் கடை அண்ணனால் அச்சடித்துத் தர முடியாது.

பிள்ளைகளை அடுத்து அழைத்துப்போக வேண்டிய இடம், கட்டுரையின் மேலே இருக்கும் ‘வரலாறு’, ‘உரையாடல்’ இரண்டும். வரலாற்றில் எந்த நாள், எந்தப் பயனர், எந்த வரியை மாற்றினார் என்பது வரிசையாக இருக்கும். இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். உரையாடல் பக்கத்தில் ஒரு பெயரின் எழுத்துக்கூட்டுக்காகப் பத்தி பத்தியாக வாதாடியிருப்பார்கள். என்னைக் கேட்டால் பல நேரம் கட்டுரையைவிட அதுதான் ருசி. பாடப்புத்தகத்துக்கும் இப்படி அடித்துத் திருத்திய வரைவுகள் இருந்திருக்கும், ஆனால் அவற்றை நம் கண்ணில் காட்டமாட்டார்கள். ஹைடெக் லேப் கிடைக்கவில்லையா? வரலாற்றுப் பக்கத்தை நாலு தாள் அச்செடுத்துப் போங்கள், ஒரு வகுப்பு ஓடிவிடும்.

தலைமையாசிரியரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2005-இல் ஜான் சைகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ விளையாட்டாக எழுதியது, ஏறக்குறைய நான்கு மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படியே கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியா, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் இரண்டின் கட்டுரைகளையும் நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. இரண்டையும் சேர்த்தே அவரிடம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்று: ‘நேச்சர்’ பார்த்தது ஆங்கிலத்தை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. ஆனால் கண்காணிக்கிற கைகள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் குறைவு. நம் பேட்டை பற்றிய சின்னக் கட்டுரையில் ஒரு தப்பு நுழைந்தால் வருஷக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கலாம்.

ஆகவே மதிப்பெண்ணை அடிக்குறிப்பில் வையுங்கள். பத்தில் ஐந்து அதற்கே போகட்டும். ஒரு வரியை எடுத்து, அதன் முடிவில் உள்ள எண்ணை அழுத்தி, அங்கே சுட்டியிருக்கும் செய்தியோ நூலோ அதே விஷயத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்பு செத்துப்போயிருந்தால் அதையும் எழுதட்டும். ‘சான்று தேவை’ என்ற குறியைத் தேடிப் பிடிப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு கண்ணி மட்டும் உண்டு: பத்திரிகைக்காரர் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியிருப்பார், பிறகு அந்தச் செய்தியையே விக்கிப்பீடியா சான்றாகக் காட்டும். எது முந்தியது என்று தேதி பார்க்கப் பழக்குங்கள். ப்ராஜெக்ட்டின் கடைசியில் ‘விக்கிப்பீடியா’ என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டுரை நாளைக்கே மாறலாம், அதனால் கட்டுரைத் தலைப்பும் பார்த்த தேதியும் வேண்டும்.

இனி, எழுத வைப்பது. நடக்கும், ஆனால் புதுக் கட்டுரையில் தொடங்காதீர்கள். முதலில் மணல்தொட்டி. எழுதிப் பழகுவதற்கென்றே அங்கே வைத்திருக்கிற இடம் அது, தப்பு வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்து ஒற்றுப்பிழை திருத்தம். அப்புறம் சான்றில்லாத ஒரு வரிக்குச் சான்று சேர்ப்பது. இவ்வளவு செய்தாலே ஒன்பதாம் வகுப்புக்குத் தாராளம்.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விடாது. நாற்பது பேரை உட்காரவைத்துவிட்டு ஏழாவது பிள்ளையில் விழித்தேன். குழுவுக்கு ஒரு பொறுப்பாளர் என்று ஐந்தாறு பேர் மட்டும், பெற்றோருக்குத் தெரிவித்து, கணக்கு தொடங்கட்டும். ஒரே கணக்கைப் பலர் பங்கிட்டுக்கொள்வது அங்கே விதிமீறல், மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சான்று தேடிக் கொடுக்கட்டும். பயனர் பெயரில் சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், செல் நம்பர் எதுவும் கூடாது.

முதல் தொகுப்பு பத்து நிமிடத்தில் நீக்கப்படலாம். ‘எங்க ஏரியா செம ஏரியா’ என்று ஒருவன் சேர்த்தான், தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் காணோம். முகம் தொங்கிப்போனது. நீக்கியவர் எழுதிவைத்த காரணத்தைச் சேர்ந்து வாசித்தோம். அடுத்த முறை பேருந்து நிலையம் பற்றி ஒரு வரி, செய்தித்தாள் சான்றோடு போட்டான். அது நின்றது.

படம் ஏற்ற ஆசைப்பட்டால் தாங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்தது ஆகாது. ஏற்றிய படத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கும் பொருளில்கூடப் போடலாம். பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் பிள்ளைகள் மனசு உடைவதைப் பார்த்திருக்கிறேன். பெரம்பூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்த கதையை மூன்று பக்கம் எழுதி வந்தாள். சங்கு ஊதுகிற நேரம், கேன்டீன் டீ, மில் மூடிய நாள், எல்லாம் இருந்தது. கலைக்களஞ்சியத்தில் அதைச் சேர்க்க முடியாது. வேறெங்கும் வெளிவராத சொந்த அனுபவத்தை அங்கே ஏற்கமாட்டார்கள். ‘எங்க தாத்தா பொய் சொல்றாரா மிஸ்?’ என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, மூன்று பக்கத்தையும் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் போட்டோம். தாத்தாவின் பேச்சைப் போனில் பதிவு செய்து வைக்கச் சொன்னேன். பிறகு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், அந்த மில் தொழிலாளர்களுக்காக 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் பற்றியும் அங்கே நடந்த 1921 வேலைநிறுத்தம் பற்றியும் அச்சில் உள்ளதைத் தேடினோம். அங்கிருந்து கிடைத்த இரண்டு வரிகளை, பக்க எண்ணோடு, அவளே ஏற்றினாள்.