குளிர் உடையும் கைத்துப்பாக்கியும்: வாசகர் கேள்வி, பதில்

உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளைக் குளிர்காலத்தில் கையாள்வது பற்றி நீலகிரி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுள் மூன்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கோத்தகிரி வாசகர்: தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறேன். பணத்துடன் குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போய்வர வேண்டியிருப்பதால், தற்காப்புக்கென விண்ணப்பித்துக் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றுள்ளேன். ரிவால்வர் வாங்குவது நல்லதா, பிஸ்டலா? மார்கழி, தை மாதங்களில் ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின் அணிந்து போகும்போது அதை உடலில் எங்கே வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: 9 மி.மீ., .38 (அங்குலம்) போன்ற குழல் அளவுகள் தடை செய்யப்பட்ட வகையில் அடங்குவதால், உங்களைப் போன்ற உரிமதாரர்களின் தேர்வு பெரும்பாலும் .32 அளவிலேயே முடிந்துவிடும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ஆறு தோட்டா ரிவால்வர்கள் இந்த அளவில்தான் வருகின்றன. 2014இல் அறிமுகமான, ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ அவற்றுள் ஒன்று. பிஸ்டலும் .32 அளவில் கிடைக்கிறது. ஆனால் பெயரில் அளவு ஒன்றாக இருந்தாலும் ரிவால்வரின் தோட்டா வேறு, பிஸ்டலின் தோட்டா வேறு என்பதால், தோட்டா வாங்கும்போது கவனம் தேவை.

ஆண்டுக்குச் சில முறை மட்டுமே சுட்டுப் பழகக்கூடியவருக்கு நான் ரிவால்வரையே பரிந்துரைப்பேன். உருளையைத் திறந்தவுடன் எத்தனை தோட்டா இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டலிலோ, தோட்டாக் கூட்டைக் கழற்றிய பிறகும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்பி ஏற்பட்ட விபத்துகளில் பல இப்படி நேர்ந்தவையே. மேலும், ரிவால்வரின் விசையை நீளமாகவும் அழுத்தமாகவும் இழுக்க வேண்டியிருப்பது, தடித்த உடைகளுக்கு நடுவே தற்செயலாக வெடிப்பதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது. அதே அழுத்தம் விறைத்த விரலுக்குச் சிரமம் தரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே கடையில், தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கடைக்காரரின் அனுமதியுடன் விசையை இழுத்துப் பார்த்த பின் முடிவெடுங்கள். பழைய ரிவால்வர் ஒன்றை வாங்க நேர்ந்தால், தோட்டாவைத் தாக்கி வெடிக்கச் செய்யும் பின்பகுதியான சுத்தியலின் மேல் அடிபட்டாலும் தோட்டா வெடிக்காமல் தடுக்கும் உள்ளமைப்பு அதில் இருக்கிறதா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டே எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்து, வைக்கும் இடம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையில், முழுவதும் மூடிய நிலையில், தன் கட்டுப்பாட்டில் இருக்கும்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. எனவே அதைப் பிறர் பார்வையில் படாமல் வைத்திருப்பது உங்கள் விருப்பத்தைச் சார்ந்ததல்ல, அது உங்கள் கடமை. குளிர் உடை இதற்கு உதவுவது போலத் தோன்றினாலும் அதனால் இரண்டு ஆபத்துகள் உண்டு.

முதலாவது, ஜெர்கினின் பை. அங்கே போட்டுக்கொள்வது வசதி என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் ஏறியதும் மேட்டுப்பாளையத்தில் ஜெர்கினைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவீர்கள், அல்லது வண்டியின் பின் இருக்கையில் போடுவீர்கள். அந்த நொடியிலிருந்து துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தடித்த, அகலமான இடுப்புப் பட்டையில் இறுகப் பொருந்தும் உறையே சரியானது. உறை விசையை முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். ஸ்வெட்டரைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு, அதற்கு மேல் உறையை அமைத்து, எல்லாவற்றையும் ஜெர்கின் மூடும்படி அணியுங்கள். இடுப்பில் நாடாவும் நாடாவின் முனையில் பிளாஸ்டிக் குமிழும் உள்ள ஜெர்கின் என்றால் அந்த நாடாவை உருவிவிடுங்கள்.

அந்த நாடாதான் இரண்டாவது ஆபத்து. துப்பாக்கியை மீண்டும் உறைக்குள் வைக்கும்போது நாடாவோ, ஸ்வெட்டரின் ஓரமோ, மப்ளரின் நுனியோ விசைக்குள் சிக்கினால், உள்ளே தள்ளும் உங்கள் கையின் வேகமே விசையை இழுத்துவிடும். குழல் அப்போது உங்கள் தொடையை நோக்கி இருக்கும். ஆகவே இடக்கையால் உடைகளை நன்றாக விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, மெதுவாக வையுங்கள். துப்பாக்கியை உறைக்குள் வைக்கும்போது அவசரப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, குளிர்காலத்தில் நீங்கள் உண்மையில் அணியும் உடைகளுடனேயே இதைப் பழகுங்கள். கம்பளிக் கையுறை தடிமனானது, விசை வளையத்துக்குள் விரல் உணர்வின்றி நுழையும் என்பதால், துப்பாக்கியைத் தொடும் கையில் அதை அணிய வேண்டாம்.

உதகை வாசகர்: என் தந்தையார் காலத்திலிருந்து வரும் ரிவால்வரை முறையான உரிமத்துடன் வைத்திருக்கிறேன். தவறாமல் துடைத்து வைத்தும் ஒவ்வொரு தை மாதமும் துருப்புள்ளிகள் தோன்றுகின்றன. உறைபனிதான் காரணமா?

பதில்: உறைபனி நேரடிக் காரணமல்ல. தலைகுந்தாவில் புல்வெளி வெளுக்கும் அளவுக்குக் குளிர்ந்தாலும், அந்தக் குளிர் நல்ல இரும்புக்கோ தோட்டாவுக்கோ தீங்கு செய்யாது. தீங்கு செய்வது நீர். அதிகாலையில் வெளியே சென்று குளிர்ந்துபோன துப்பாக்கியைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால், அறைக்காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும். குழலின் உள்ளும் உருளையின் இடுக்குகளிலும் படிவதைத் துணியால் துடைக்க முடியாது. அதே ஈரத்தோடு அலமாரியில் பூட்டினால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

வெளியிலிருந்து வந்ததும் தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கியைக் கணப்பில்லாத அறையில், உங்கள் கண்காணிப்பிலேயே, மெல்ல அறைவெப்பத்துக்கு வரவிடுங்கள். பிறகு திறந்து, உட்புறம் உலர்ந்ததை உறுதி செய்து, துப்பாக்கிக்கென விற்கும் மெல்லிய எண்ணெயை மிகக் குறைவாகத் தடவுங்கள். அதிகமாகத் தடவினால் ஸ்வெட்டரின் பஞ்சு ஒட்டிக்கொள்ளும்; தோட்டாவின் அடிப்பகுதி வழியே எண்ணெய் கசிந்து மருந்தையும் கெடுக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் பொருள் அது. உதகைக் குளிரில் உருளையையே இறுக்கிவிடும்.

தோல் உறைக்குள் வைத்தபடியே பூட்டி வைப்பதும் துருவுக்கு முக்கியக் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்வதுடன், பதனிட்ட உப்புகளையும் இரும்பின் மேல் ஏற்றும். உறை தனியே உலரட்டும். இரும்பு அலமாரியை வெளிப்புறச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது சூடேற்றி உலர்த்திப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே தோன்றிய புள்ளிகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். எண்ணெயில் ஊறிய மென்துணியால் போகாத துருவைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கூடலூர் வாசகர்: கரடியும் யானையும் நடமாடும் பகுதி என்பதால், பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கியுடன் முதுமலை வழியாகப் போய்வரலாமா?

பதில்: கூடாது. .32 தோட்டா யானையையோ கரடியையோ நிறுத்தாது. காயப்பட்ட விலங்கு உங்களை விடாது என்பதோடு, அடுத்து அவ்வழியே வரும் தோட்டத் தொழிலாளியையும் தாக்கக்கூடும். விலங்கைக் கண்டால் வண்டியிலேயே இருந்து, வழிவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்வதே உயிர் காக்கும்.

சட்டமும் தெளிவானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரின் முன்கூட்டிய எழுத்துபூர்வ அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. நெடுஞ்சாலை வழியாகத்தானே போகிறேன் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாமல், எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். அதுவரை துப்பாக்கி வீட்டில் பூட்டியிருக்கட்டும். சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் தம் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. கூடலூரின் பல பகுதிகள் இந்தத் தொலைவுக்குள் வருவதால், நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.