ஓசோன் கிளீனர் பயன்படுத்தினால் சிபாப் மெஷினுக்கு வாரண்டி கிடையாதா?

கேள்வி: எனக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய். ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. 19 மாதங்களுக்கு முன் சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி) வாங்கினேன், வாரண்டி 2 வருடம். இப்போது ட்யூபிலும் மாஸ்க்கிலும் கருப்புத் துகள்கள் தெரிகின்றன, காலையில் தொண்டை எரிகிறது. விற்றவரிடம் கேட்டால், ஓசோன் கிளீனர் (ஓசோன் வாயுவால் மெஷினைச் சுத்தம் செய்யும் கருவி) போட்டதால் வாரண்டி செல்லாது என்கிறார். பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பாதி விலைக்குப் புதியது தருவாராம். அந்தக் கிளீனரையும் அவரிடம்தான், அதே பில்லில் வாங்கினேன். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மெஷினையும் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்குக்கு முதல் சாட்சியே அந்த மெஷின்தான், அது அவர் கைக்குப் போய்விட்டால் துகள் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் காட்ட முடியாது. கழுவவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். துகள்கள், பில்டர், சீரியல் நம்பர் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்து, ட்யூபையும் மாஸ்க்கையும் அப்படியே ஒரு கவரில் போட்டு மூடி, தேதி எழுதி வையுங்கள்.

ஆனால் இன்று இரவு மெஷினை நிறுத்துவதா, தொடர்வதா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், முதலில் டாக்டரிடம் பேசுங்கள். மணிக்கு 30-க்கு மேல் என்றாலே அது கடுமையான வகை, சிகிச்சை இல்லாமல் பகல் தூக்கத்தோடு வண்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. சட்டப்படியும் இது முக்கியம். டாக்டர் சொல்லி வேறு மெஷின் வாடகைக்கு எடுத்தால் அந்த வாடகையை நஷ்டஈட்டில் கேட்கலாம். நீங்களாக நிறுத்தி உடம்பு மோசமானால், அது உங்கள் தவறு என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

சரி, ஓசோன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிபாப் சாதனங்களைச் சுத்தம் செய்ய விற்கப்பட்ட ஓசோன் கருவிகள் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-லேயே எச்சரித்தது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து துகளாகி மூச்சுப் பாதைக்குள் போகலாம் என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றபோதும், ஓசோன் அந்தச் சிதைவை அதிகமாக்கும் என்றது. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும்கூட அதிகமாக்கும் என்றுதான் அதே அறிவிப்பில் இருந்தது, ஓசோனே படாத மெஷின்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதாவது "ஓசோன் போட்டீர்கள்" என்பது மட்டும் போதாது, அதனால்தான் கெட்டது என்று காட்ட வேண்டும். வாரண்டி விலக்கைச் சொல்லித் தப்பிக்க நினைப்பவர்தான் பொதுவாக அதை நிரூபிக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் பில். மெஷினைக் கெடுக்கும் என்று இன்று சொல்லும் பொருளை, அந்த மெஷினுக்காகவே அவர் அன்று விற்றிருக்கிறார்! அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள், மங்குவதற்குள் நகல் எடுங்கள். மெஷின் கையேட்டில் ஓசோன் கூடாது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனப்படும், ஆனால் அதை ஏன் சொல்லாமல் விற்றீர்கள் என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் மெஷினில் இருக்கும் எஸ்டி கார்டு (பதிவுகளைச் சேமிக்கும் சின்ன மெமரி கார்டு). எந்த இரவு எத்தனை மணி நேரம் போட்டீர்கள், காற்று எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை முறை தடைபட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிய பதிவு சேரச் சேரப் பழைய விவரங்கள் அழியலாம். கார்டின் பக்கவாட்டு லாக்கைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் முழுவதும் நகலெடுங்கள். சீரியல் நம்பரை வைத்து, உங்கள் மெஷின் ஏதாவது திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். இருந்தால் வாரண்டிப் பேச்சே தேவைப்படாமல் போகலாம்.

மெஷின் விலையும் உடல்நலக் கேடும் இரண்டு தனிக் கோரிக்கைகள், கலக்காதீர்கள். அமெரிக்காவில் பிலிப்ஸ் விவகாரத்திலும் அப்படித்தான், மெஷின் இழப்புக்குக் குறைந்தது 47.9 கோடி டாலர், உடல் பாதிப்பு வழக்குகளுக்கு 2024-ல் 110 கோடி டாலர் என்று தனித்தனி சமரசம் ஆனது. உங்கள் நிலையில் முதல் கோரிக்கை வலுவானது. தொண்டை எரிச்சல் சளியாலோ வறண்ட காற்றாலோ வந்திருக்கலாம், துகள் பூஞ்சையாகவும் இருக்கலாம், எனவே டாக்டர் குறிப்பும் ஆய்வக அறிக்கையும் இல்லாமல் இரண்டாவதை எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த வாரமே விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். துகளை முதலில் பார்த்த தேதி, பில் எண், ஒன்று மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள், 15 நாள் கெடு, இவ்வளவு போதும். வாரண்டியில் மிச்சம் 5 மாதம்தான், அதற்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். வழக்குக்கான காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2 ஆண்டு, பிரிட்டனில் குறைபாடுள்ள பொருளால் உடல்நலம் கெட்டதற்கு 3 ஆண்டு. பதில் வராவிட்டால் கெடு முடிந்த மறுநாளே உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் பில், போட்டோ, கார்டு நகலோடு போங்கள். விற்றவர் நடுவில் போன் பண்ணிச் சமாதானம் பேசினால், பேசியதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.